சாமைச் சோறும் இரைப்பைச் சவ்வும்

"ஜவ்வாது மலைக்காரனுக்கு அல்சர் தெரியாது." சிறுதானிய மேடைகளில் வருஷக்கணக்கில் ஓடும் வசனம் இது. 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும் இன்னும் சத்தமாகக் கேட்டது. ஆதாரமாக மூன்றைச் சொல்வார்கள்: மலைக்காற்று, சாமைச் சோறு, வயிற்றுவலி என்று மலையிலிருந்து யாரும் வராதது. காற்று நுரையீரலுக்குப் போகிறது, அதை விட்டுவிடலாம். சாமை நல்ல தானியம்தான். மைசூரில் அறுவை மருத்துவராக இருந்த ஃபிராங்க் டோவி, சில சிறுதானியங்களைத் தின்னும் பகுதிகளில் முன்சிறுகுடல் புண் குறைவு என்று எழுதியதும் உண்மை. அவர் சொன்ன 'குறைவு' மேடை ஏறியதும் 'இல்லை' ஆகிவிட்டது. 1982-இல் பெர்த் நகரில் வாரனும் மார்ஷலும் கண்டுபிடித்த ஹெலிகோபேக்டர் பைலோரிதான் அல்சருக்கு முக்கியக் காரணம்; அது சிறு வயதிலேயே, பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே தொற்றி, மருந்து கொடுக்காவிட்டால் ஆயுசுக்கும் இரைப்பையில் குடியிருக்கும் கிருமி. அடுப்பில் வேகிறது சாமையா ரேஷன் அரிசியா என்று அது விசாரிப்பதில்லை.

மூன்றாவதுதான் பெரிய வேடிக்கை. வலி என்று வரவில்லை, ஆகவே நோய் இல்லையாம். இரைப்பைக்குள் என்ன நடக்கிறது என்பதை எண்டோஸ்கோபி விட்டு, கிள்ளியெடுத்த சதையை நுண்ணோக்கியில் வைத்தால்தான் தெரியும். மலை இறங்கிப் பஸ் பிடித்து, ஒரு நாள் கூலியையும் விட்டு அதற்கு வருகிறவர் எத்தனை பேர்? வலி இல்லாதவர் குடலைப் பார்த்த வேலை பக்கத்திலேயே நடந்திருக்கிறது. 1960-களில் வேலூர் சி.எம்.சி.யில் பேக்கரும் மாத்தனும் வட ஆர்க்காடு கிராமங்களில், குடலைச் சத்து உறிஞ்சவிடாத ஸ்ப்ரூ நோயை ஆராய்ந்தார்கள். அப்போது ஜவ்வாது மலையும் அதே மாவட்டம். மெல்லிய குழாயில் கட்டிய சின்ன உலோகக் கேப்ஸ்யூலை விழுங்க வைப்பார்கள். அது சிறுகுடலின் மேற்பகுதிக்கு இறங்கியதும் காற்றை உறிஞ்சினால், ஓட்டைக்குள் இழுபடும் சவ்வை உள்ளிருக்கும் கத்தி நறுக்கிவிடும். தங்களுக்கு ஒரு நோயும் இல்லை என்ற தென்னிந்தியர்களின் சதையில்கூட, விரல் விரலாக நிற்க வேண்டிய குடலுறிஞ்சிகள் இலை போலவும் வரப்பு போலவும் அகன்று குட்டையாகிக் கிடந்தன. பிறந்த சிசுக்களின் குடலிலோ விரல்கள் விரல்களாகவே இருந்தன. பிறவிக் கோளாறு இல்லை என்றால், பிறந்த பிறகு வாய் வழியாகப் போனதைத்தானே சந்தேகிக்க வேண்டும்?

அது சமவெளிக் கதை, மலை வேறு என்பார்கள். சரி, மலைக்கே போவோம். கொலம்பியாவின் நரின்யோ பகுதியில் ஆண்டிஸ் மலைமேல் இருப்பவர்களிடமும் பசிபிக் கரையோரத்தில் இருப்பவர்களிடமும் ஹெலிகோபேக்டர் கிருமி ஏறக்குறைய எல்லோர் வயிற்றிலும் உண்டு. இரைப்பைப் புற்றுநோயோ மலையில்தான் பல மடங்கு. நாள்பட்ட அழற்சி, பிறகு சுரப்பிகள் தேய்வது, இரைப்பைச் சவ்வு குடல்சவ்வாக உருமாறுவது, பிறழ்வு, கடைசியில் புற்று என்று அந்தப் படிக்கட்டை வரைந்து காட்டியவர் பெலாயோ கொர்ரேயா. முதல் படிகளில் இருக்கும்போது பெரும்பாலும் ஏப்பம்கூட வராது. ஜவ்வாதிலும் அதே கதை என்று சொல்ல வரவில்லை; அங்கே கிருமியே குறைவாகவும் இருக்கலாம். இருக்கிறதா என்று பார்க்க மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ போதும். மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பந்தல் போட்டாலே நடத்திவிடலாம். சிறுதானிய விழாவுக்கு அதைவிடப் பெரிய பந்தல் தேவைப்படும்.