பழுது பார்ப்போர் கடமை

வண்டி பழுதுற்றால் அதனை உடையவர் பணிமனையை நாடுகின்றார். எஞ்சினுக்குள் நிகழ்வதை அவர் காண்பதில்லை, கண்டாலும் அறிவதில்லை. தொழிலாளியின் சொல்லையே நம்பி நிற்கின்றார். அவ்வறியாமையே சிலருக்கு ஊதியமாகின்றது. 'நாளை வருக' என்பர். நாளை சென்றால் மறுநாளைக் காட்டுவர். தேயாத உறுப்பைத் தேய்ந்தது என்பர். மாற்றாததை மாற்றியதாகக் கூறிப் பணம் பெறுவர்.

இது பணத்தோடு ஒழியும் இழப்பா? அன்று. தேய்ந்த பிரேக் கட்டையை மாற்றாமல் விட்டால், வண்டியில் செல்பவர் உயிருக்கு மட்டுமன்றி, வழியில் நடப்பவர் உயிருக்கும் ஏதம் விளையும்.

இக்குறையைக் களைதல் அரிதன்று. வேலை தொடங்குமுன் செலவைக் கூறுதல் வேண்டும்; கழற்றிய பழைய உறுப்பைக் காட்டுதல் வேண்டும்; பெற்ற தொகைக்குப் பட்டியல் தருதல் வேண்டும். பட்டியல் தராமையை நேர்மையற்ற வாணிக முறைகளுள் ஒன்றாக 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குறிக்கின்றது. குறையுடைய பணியால் இழப்புற்றவர் 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிட்டு ஈடு கோரலாம். ஆனால், வரியை மிச்சப்படுத்தக் கருதிப் பட்டியல் வேண்டா என்பவர், தம் வழக்கின் சான்றைத் தாமே இழக்கின்றார்.

கைத்திறன் மிக்க தொழிலாளர் பலர் நம்மிடையே உளர். சட்டம் தவற்றை ஒறுக்கும். நம்பிக்கையை அதனால் உண்டாக்க இயலாது. ஒருவரும் காணாத இடத்திலும் ஆணியைச் செவ்வனே முடுக்கும் கையே அதனை உண்டாக்கும்.