பனைமரம் தெரியுது, காலடி தெரியல!

உங்க டார்ச் லைட் எத்தனை லூமென்னு கேட்டா உடனே சொல்லிடுவீங்க. அதுல உங்க காலடி தெரியுதா? இதுக்கு எத்தனை பேர் பதில் சொல்லுவீங்க?

எங்க ஊர் ஆண்டிமடம். முந்திரி சீசன்ல விடியறதுக்கு முன்னாடியே கொட்டை பொறுக்கக் கிளம்பிடுவாங்க. மரத்தடி முழுக்க சருகு. அதுக்குள்ள என்ன கிடக்குன்னு யாருக்கும் தெரியாது. ராத்திரியில பாம்புன்னு பேர் சொல்லக்கூட மாட்டாங்க, 'பூச்சி'ன்னுதான் சொல்லுவாங்க.

போன வருஷம் அப்பாவோட பழைய பேட்டரி லைட்டைப் பிரிச்சு, அதிக வெளிச்சம் தர்ற எல்இடி போட்டு, வழவழப்பான ரிஃப்ளெக்டர் மாட்டிக் கொடுத்தேன். 200 மீட்டர் அடிக்கும்னு பெருமை வேற. ரெண்டே நாள்ல திருப்பிக் கொடுத்துட்டார். "தம்பி, தூரத்துப் பனைமரம் நல்லாத் தெரியுது. காலடியில என்ன கெடக்குன்னுதான் தெரியல."

கோவம் வந்துச்சு. அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். டார்ச் பெட்டியில போடுற தூரம், வெளிச்சம் 0.25 லக்ஸா குறையுற இடம் வரைக்கும்தான். அது ஏறக்குறைய பௌர்ணமி நிலா வெளிச்சம். 200 மீட்டர்ல 0.25 லக்ஸ் வேணும்னா நடுக்கற்றை 10,000 கேண்டெலா இருக்கணும். அதே கற்றை 2 மீட்டர்ல? தூரத்தோட வர்க்கத்தால வகுங்க: 2,500 லக்ஸ்! நம்ம கிளாஸ்ரூம் வெளிச்சத்தை விடப் பல மடங்கு, ஒரு சின்ன வட்டத்துக்குள்ள. அதைப் பார்த்ததும் கண்மணி சுருங்கிடும். சுத்தி இருக்கறதெல்லாம் இருட்டு. நான் வெளிச்சத்தைக் கூட்டல, இருட்டைத்தான் கூட்டியிருக்கேன்.

அடுத்த பிரச்சினை நிறம். மலிவான எல்இடியோட நீல வெள்ளையில சிவப்பு செத்துப்போயிடும். நிறத்தை எவ்வளவு உண்மையாக் காட்டுதுங்கறதுக்கு சிஆர்ஐன்னு ஒரு அளவு இருக்கு, முழு மார்க் 100. ஆனா அது 8 வெளிர்நிறங்களோட சராசரி. அடர்சிவப்புக்கான ஆர்9 அந்தச் சராசரியில சேரவே சேராது. 70 சிஆர்ஐ எல்இடிகள்ல ஆர்9 பூஜ்ஜியத்துக்குக் கீழகூடப் போகும். எங்க காட்டுல மண் சிவப்பு, சருகு பழுப்பு, கண்ணாடி விரியன் இன்னொரு பழுப்பு. சிவப்பைக் காட்டாத லைட்டுக்கு மூணும் ஒண்ணுதான்.

இது சும்மா ரசனை விஷயம் இல்ல. 2000 முதல் 2019 வரைக்கும் இந்தியாவுல பாம்புக்கடியால வருஷத்துக்குச் சராசரியா 58,000 பேர் இறந்திருக்காங்கன்னு ஒரு ஆய்வு மதிப்பிட்டிருக்கு. அதுல பெரும்பாலானவங்க கிராமத்து ஜனங்க.

அதனால திரும்பப் பிரிச்சேன். 4000 கெல்வின், 90க்கு மேல சிஆர்ஐ உள்ள எல்இடி, சொரசொரப்பான ரிஃப்ளெக்டர், கண்ணாடி மேல மங்கலான டேப். லூமென் குறைஞ்சுது, தூரம் பாதிக்கும் கீழ போச்சு. ஆனா நாலடி அகலத்துக்கு ஒரே சீரான வெளிச்சம். அப்பா அடிச்சுப் பார்த்துட்டு, "இது அந்தக் காலத்து எவரெடி மாதிரி இருக்குடா"ன்னார். குண்டு பல்போட சிஆர்ஐ கிட்டத்தட்ட 100. படிக்காமலே கரெக்டா சொல்லிட்டார்!

நீங்களும் இன்னிக்கு ராத்திரி உங்க லைட்டை உள்ளங்கையில அடிச்சுப் பாருங்க. ரத்த ஓட்டம் தெரியுதா, இல்ல பொணம் மாதிரி வெளுத்திருக்கா? அப்புறம் தரையில மூணு எட்டு தள்ளி அடிச்சு, வட்டம் எவ்வளவு அகலம்னு பாருங்க. லைட்டை நெத்தியில மாட்டாம இடுப்பு உயரத்துல பிடிச்சா நிழல் விழும், மேடு பள்ளமும் உருவமும் பிரிஞ்சு தெரியும். சால்டரிங் வராதவங்க டேப் மட்டுமாவது ஒட்டுங்க. எல்இடி மாத்துறவங்க அடியில தெர்மல் பேஸ்ட்டை மறக்காதீங்க, சூடுதான் அதுக்கு எமன்.

எந்த லைட்டும் செருப்புக்கும் தடிக்கும் ஈடாகாது. கடிச்சா மந்திரிக்கப் போகாம நேரா அரசு ஆஸ்பத்திரிதான்.

புராஜெக்ட் ரிப்போர்ட்ல பெரிய நம்பர் எழுத நமக்கெல்லாம் ஆசைதான். ஆனா அந்த நம்பரை யார் கையில கொடுக்கப் போறோமோ, அவர்கிட்ட முதல்ல ஒரு வார்த்தை கேளுங்க. நான் கேக்கல. ரெண்டு ராத்திரி அப்பா அந்த லைட்டோடதான் காட்டுக்குள்ள நடந்தார். ஒண்ணும் ஆகல, அது என் சாமர்த்தியம் இல்ல.