மரக்காளான் தேடுவோர் கடன்

பட்ட மரத்தைப் பயனற்றது என்று கழிப்போர் பலர். அதனை மட்கச் செய்யும் காளானைக் கேடு என்று கருதுவோரும் உளர். ஆயின், வீழ்ந்த மரங்கள் யாவும் மட்காமற் கிடப்பின், இளங்கன்றுகள் வேரூன்ற இடம் ஏது? காட்டைப் புதுப்பிக்கும் தொழில் காளானுடையது.

இக்காளான்களுள் ஒருவகை மரத்திலுள்ள செல்லுலோசை உண்டு, லிக்னினைப் பெரும்பாலும் விட்டுவிடும். மரம் பழுப்பேறிக் கட்டங்கட்டமாக வெடிக்கும். மற்றொரு வகை லிக்னினையும் சிதைக்கும். மரம் வெளுத்து நார்நாராகப் பிரியும். மலைகளில் வளரும் ஊசியிலை மரங்களில் முதல்வகையே மிகுதி.

இவற்றை ஆராயும் அறிஞர், காடுகளில் அலைந்து மாதிரிகளைத் திரட்டுவர். காளானைப் பெயர்த்தெடுத்தல் எளிது. அதனோடு செய்தியையும் எடுத்து வருதலே அரிது. எம்மரத்தில், எவ்வுயரத்தில், எந்நாளில் கண்டது, மரம் எந்நிறத்தில் மட்கியிருந்தது என்பவற்றை அவ்விடத்திலேயே எழுதுதல் வேண்டும். உலர்ந்தபின் காளானின் நிறமும் மணமும் மாறிவிடும். காகித உறையிலிட்டு, மென்சூட்டில் உலர்த்திக் காத்த மாதிரி பல தலைமுறைக்குப் பயன்படும். குறிப்பற்ற மாதிரியோ முகவரி இல்லாத மடலை ஒக்கும்.

அளவறிந்து எடுத்தல் அதனினும் பெரிய கடமை. வட அமெரிக்காவின் காஸ்கேட் மலைத்தொடரில், நோபிள் ஃபர் என்னும் ஊசியிலை மரத்தின் அடிப்பகுதியில் வளரும் பெருங்காளான் ஒன்று உண்டு. 1949-ஆம் ஆண்டில் வில்லியம் பிரிட்ஜ் குக் என்னும் அறிஞர் அதனை முதன்முதலில் விளக்கி எழுதினார். பிரிட்ஜியோபோரஸ் நோபிலிசிமஸ் என்பது அதன் இன்றைய பெயர். அது பல்லாண்டு வாழ்வது. அதன் முதுகில் பாசியும் படரும். 300 பவுண்டு எடையுள்ளதும் கிடைத்ததுண்டு. அருகிவிட்ட அக்காளான் 1995-ஆம் ஆண்டில் ஆரிகன் மாநிலத்தில் அழிவை எதிர்நோக்கும் உயிர்களின் பட்டியலில் இடம்பெற்றது.

'காளானின் உடல் மரத்தினுள் நூலிழையாகப் பரந்துள்ளது. வெளியே தோன்றுவது கனியே. கனியைப் பறித்தால் மரம் சாகுமோ?' என்று சிலர் வினவுவர். மலிந்த காளானுக்கு அவ்வாதம் பொருந்தும். பல்லாண்டு முயன்று உருவாகிய கனிக்கு அது பொருந்தாது. அதனைப் பெயர்த்தால், வருமாண்டுகளில் அது தூவவேண்டிய நுண்வித்துகள் யாவும் இழப்பாகும். ஆராய்ச்சிக்கோ சிறு துண்டொன்றே போதும்.

பெட்டி நிறைவதனால் அறிவு நிறைவதில்லை. அரியதைக் கண்டவிடத்து ஒரு துண்டும் ஒரு குறிப்பும் கொண்டு, எஞ்சியதைக் காட்டிற்கே விட்டு வருபவனே நல்லாராய்ச்சியாளன்.