துறைமுகத்தில் ஏறும் கட்டணம் யார் தலையில் இறங்குகிறது?

தோழர்களே!

விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நெற்றி விளக்கோடு நிறையில் நுழைந்து, மரம் மரமாக உளி வைக்கும் தொழிலாளிக்குக் கிள்ளான் துறைமுகத்தோடு என்ன உறவு? ஸ்டோரில் பால் நிறுத்துச் செக்ரோல் எழுதும் கிராணிக்குக் கப்பல் கட்டணத்தோடு என்ன வேலை? இப்படிக் கேட்போர் நம்மிடையே உண்டு. உறவு உண்டு, அது வயிற்றோடு உள்ள உறவு என்பதை எடுத்துச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

2025-ஆம் ஆண்டு கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் கட்டணம் நூற்றுக்கு 30 உயரும் என்று அறிவிப்பு வந்தது. ஒரே அடியாக அல்ல, மூன்று தவணையாக. 2025 ஜூலை 16 முதல் 15 விழுக்காடு. 2026 ஜனவரி 1 முதல் 10. 2026 ஜூலை 1 முதல் 5. தவணை வைத்து அடித்தால் வலி தெரியாது என்பது அவர்கள் கணக்கு போலும்! இது முதல் தடவையும் அல்ல. 2015-லும் இரண்டு கட்டமாக 30 விழுக்காடு உயர்வு அறிவித்து, அந்த நவம்பரிலேயே முதற் கட்டத்தை வசூலிக்கத் தொடங்கினார்கள்.

இந்தச் சுமை எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். இருபது அடி இரும்புப் பெட்டி ஒன்றில் சுமார் 20 டன் ரப்பர் போகிறது. ரப்பர் விலையை நிர்ணயிப்பது உலகச் சந்தை. துறைமுகத்தில் செலவு கூடிவிட்டது என்று ஏற்றுமதிக்காரர் அழுதால், டயர் கம்பெனிக்காரர் ஒரு காசு கூட்டித் தருவாரா? தரமாட்டார். ஆகவே ஏற்றுமதிக்காரர் ஆலைக்குத் தரும் விலையில் பிடிக்கிறார். ஆலை வியாபாரியிடம் பிடிக்கிறது. வியாபாரி, கட்டிப்பால் கொண்டு வரும் சிறுதோட்டக்காரரிடம் பிடிக்கிறார். தோட்டத்திலோ, சம்பள உயர்வு கேட்கும்போது “செலவு தாங்கவில்லை” என்ற பழைய பாட்டாக அது திரும்பி வருகிறது. ஒவ்வொருவருக்கும் தள்ளிவிடக் கீழே ஒருவர் இருக்கிறார். மரம் சீவுகிறவனுக்குக் கீழே யார் இருக்கிறார்? மண்தான் இருக்கிறது!

இது போகும் பெட்டியின் கதை. வரும் பெட்டியில் பருப்பும் வெங்காயமும் வருகின்றன. அதில் ஏறிய கட்டணத்தை மளிகைக் கடைக்காரர் தம் கையிலிருந்தா கட்டுவார்? நம் சாமான் கணக்கில்தான் ஏற்றுவார். போகும் பெட்டிக்கும் நாமே கட்டுகிறோம். வரும் பெட்டிக்கும் நாமே கட்டுகிறோம்.

“பெட்டிக்கு நூறு வெள்ளி கூடினால் கிலோவுக்கு அரைக்காசுதானே” என்று கணக்குக் காட்டுவார்கள். கணக்குச் சரிதான். ஆனால் அரைக்காசு அவ்வளவு அற்பமானால், அதை அவர்களே விட்டுவிடலாமே! மேலும், அந்த அரைக்காசு தனியாக வருவதில்லை. துறைமுகம் கட்டணம் உயர்த்த அரசாங்கத்தின் அனுமதியாவது வேண்டும். அதற்கு மேல் கப்பல் கம்பெனியின் கையாளும் கட்டணம், தஸ்தாவேஜுக் கட்டணம், காலிப் பெட்டிக் கிடங்கின் வாசற்கட்டணம், பெட்டி திரும்பத் தாமதமானால் நாள் கட்டணம் என்று வரிசையாக நிற்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை கம்பெனிகள் தாமே குறிக்கும் விலை. பினாங்கில் கிடங்கு வாசற்கட்டணம் 5 வெள்ளியிலிருந்து 25 வெள்ளிக்குத் தாவியது. கிடங்குக்காரர்கள் கூடிப் பேசி உயர்த்தினார்கள் என்று கண்டு, 2016-இல் மலேசியப் போட்டி ஆணையம் 6 லட்சம் வெள்ளிக்கு மேல் அபராதம் விதித்தது. யாரும் பார்க்காத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

“புதிய கிரேன் வாங்க வேண்டும், துறையை விரிவாக்க வேண்டும், செலவு ஏறிவிட்டது” என்கிறார்கள். இருக்கலாம், பொய் என்று நாம் சொல்லவில்லை. கிரேன் ஓட்டும் தோழரின் கூலி உயர்வதை நாம் எதிர்ப்பவர்களும் அல்லர். நாம் கேட்பது ஒன்றே: கணக்கைக் காட்டுங்கள்! நாம் ஒரு வெள்ளி கூலி உயர்வு கேட்டால் என்ன நடக்கிறது? விலைவாசிப் புள்ளி எங்கே, உற்பத்தி எங்கே, முதலாளியின் சக்தி எவ்வளவு என்று தொழில் நீதிமன்றம் வரை இழுக்கிறார்கள். நம் கூலியை ரப்பர் விலையோடு கட்டிப்போட்ட காலமும் உண்டு; விலை இறங்கினால் நம் கஞ்சியும் இறங்கியது. கூலியைக் கட்ட ஒரு கயிறு இருந்தபோது, கட்டணத்தைக் கட்ட மட்டும் கயிறு இல்லையா?

ஒரு கடையில் விலை ஏறினால் அடுத்த கடைக்குப் போகலாம். சிலாங்கூர்ச் சரக்கு கிள்ளானை விட்டு ஜொகூருக்குப் போனால், மிச்சமாகும் பணம் லாரி வாடகைக்கே சரியாகிவிடும். வேறு வழியில்லாதவனிடம் வாங்கும் கட்டணத்துக்குக் காவல் வேண்டும். 1986-இல் கிள்ளான் கண்டெய்னர் முனையம் தனியார் கைக்குப் போன அன்றே அந்தக் காவல் கடமையும் பிறந்துவிட்டது.

பிற நாடுகள் சும்மா இருக்கவில்லை. அமெரிக்கா 2022-இல் சட்டம் இயற்றியது: தாமதக் கட்டணப் பில்லில் குறித்த விவரங்கள் இல்லையென்றால் அந்தப் பணத்தைக் கட்ட வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவில் போட்டி ஆணையம் கண்டெய்னர் முனையங்களின் வருமானத்தையும் செலவையும் ஆராய்ந்து ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட்டு வந்திருக்கிறது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

நம் கோரிக்கைகள் இவை. பெட்டியின் மேல் விழும் எல்லாக் கட்டணமும், துறைமுகத்துடையதானாலும் கப்பல் கம்பெனியுடையதானாலும் கிடங்குடையதானாலும், ஒரே அதிகாரியிடம் பதிவாக வேண்டும். உயர்த்துமுன் கணக்கு ஊரறிய வெளிவர வேண்டும். அதை விசாரிக்கும் சபையில் தொழிற்சங்கத்துக்கும் சிறுதோட்டக்காரருக்கும் இடம் வேண்டும். துறைமுக நெரிசலாலோ கிடங்கில் இடமில்லாததாலோ பெட்டி தாமதித்தால், அந்த நாள்களுக்குக் கட்டணம் கூடாது.

கிளைக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள், தோழர்களே! கிராணிமார் கணக்கைப் படித்துச் சொல்லட்டும். உளி பிடிப்போர் தீர்மானத்துக்குக் கை தூக்கட்டும். நூறு தோட்டங்களிலிருந்து நூறு தீர்மானங்கள் போனால் அமைச்சின் மேசையில் இடம் கிடைக்கும். மரத்தில் நாம் விடும் காயத்துக்குக்கூட ஆழம் இவ்வளவு என்று அளவு உண்டு. மீறினால் மண்டோர் கேட்கிறார். நம் பையில் விடும் காயத்துக்கும் ஓர் அளவு வேண்டும். அதைச் சட்டம் சொல்லட்டும்!