கதவு வைத்ததற்கு அடித்தோம்

1956-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ந் தேதி இரவு லண்டனில் பி.பி.சி. நிலையத்தின் டெலிபோன்கள் ஓயாமல் மணியடித்தன. "அந்தப் பெண் செத்துப் போய்விட்டாளா?" என்று கேட்டவர்கள் அத்தனை பேரும் வீட்டில் உட்கார்ந்து டெலிவிஷன் பார்த்துக்கொண்டிருந்த சாதாரண ஜனங்கள். அவர்கள் அப்படிப் பதறக் காரணமாயிருந்தவர் நம் கல்கத்தாவாசி மாஜிக் நிபுணர் பி.சி. சர்க்கார்.

'பனோரமா' என்ற நிகழ்ச்சியில் அன்று அவர் ஓர் இளம்பெண்ணை மேஜைமேல் படுக்கவைத்து, சுழலும் ரம்பத்தால் இடுப்புக்குக் குறுக்கே அறுத்துக் காட்டினார். அறுத்து முடித்ததும் அவளை எழுப்பப் பார்த்தார். கையைத் தட்டினார், அவள் எழவில்லை. தலையை அசைத்துவிட்டு அவள் முகத்தைக் கறுப்புத் துணியால் மூடினார். அந்த வேளையில் அறிவிப்பாளர் ரிச்சர்ட் டிம்பிள்பி காமிராவின் முன்னால் வந்து நின்று, நிகழ்ச்சி முடிந்தது என்று சொல்லிவிட்டார். பெண் எழுந்து நிற்பதைப் பார்க்காமலே ஜனங்கள் டெலிவிஷனை அணைக்க வேண்டியதாயிற்று. சர்க்கார் தமக்கு ஒதுக்கிய நேரத்தைத் தாண்டிவிட்டார் என்று காரணம் கூறப்பட்டது. விநாடிக் கணக்கு பார்த்தே அவர் அப்படி முடித்தார் என்று மாஜிக் தொழிலின் சரித்திரம் அறிந்தவர்கள் சொல்லுவார்கள். எப்படியோ, மறுநாள் பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் அவர் பெயர் வந்தது. லண்டனில் அவருடைய நாடகக் கொட்டகை டிக்கெட்டுகள் முழுவதும் விற்றுப்போயின. அந்தப் பெண்ணுக்கு ஒரு கீறலும் இல்லை.

அபாயமே இல்லாத இடத்தில் அபாயம் இருப்பதாக நினைத்து ஜனங்கள் பதறியது அந்தக் கதை. இதற்கு நேர்மாறானது ஒன்று நம் கண்முன்னால் நடந்தது. 2019-ஆம் ஆண்டு ஜூன் 16-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, ஹௌரா பாலத்தருகே சஞ்சல் லாஹிரி என்பவர் கைகால்களைச் சங்கிலியாலும் கயிற்றாலும் கட்டி, ஆறு பூட்டுகள் போட்டு, ஹூக்ளி நதியில் இறக்கப்பட்டார். 'மாண்ட்ரேக்' என்பது அவர் மேடைக்கு வைத்துக்கொண்ட பெயர். முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்த நம்மவர்களுக்கு அந்தப் பெயரைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. கட்டுகளை அவிழ்த்துக்கொண்டு நீந்தி வருவதாக ஏற்பாடு. வரவில்லை. கரையிலும் படகிலும் நின்றவர்கள் பத்து நிமிடம் போலக் காத்திருந்த பிறகே, நடந்தது வித்தையல்ல என்று புரிந்துகொண்டார்கள்.

மறுநாள் திங்கட்கிழமை காலை வழக்கம்போல ஹௌராவிலிருந்து பேர்லி பிளேசுக்கு லாஞ்சில் போனேன். எல்லோரும் ஒரே பக்கமாகக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி நின்றார்கள். பக்கத்தில் நின்றவர் நம் திருநெல்வேலிச் சீமைக்காரர். ஹௌராவில் மூட்டை தூக்குகிறவர். வயதில் பெரியவர். "தம்பி, ஆளு எங்கியும் போயிருக்க மாட்டான். எங்கியாவது கரையேறி ஒளிஞ்சிருப்பான். பாத்துக்கிட்டே இருங்க, சாயங்காலம் டி.வி.யில வந்து நிப்பான்" என்றார். சாயங்காலம் டி.வி.யில் வந்தது வேறு செய்தி. இறங்கிய இடத்திலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளி, ராமகிருஷ்ணபூர் படித்துறை அருகே உடல் கிடைத்தது.

அந்தப் பெரியவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் சொன்னதைத்தான் லாஞ்சில் பாதிப்பேர் வங்காளியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் உள்ளூர அப்படித்தான் நம்பினேன்.

கூட்டத்தின் கோபம்

இந்தச் சாவைப் பற்றி அன்று எழுதியவர்கள் பலரும் அவருடைய அசட்டுத் துணிச்சலைக் குறை சொன்னார்கள். அது பாதி நியாயம். மீதிப் பாதிக்குப் பழைய கதை ஒன்றைப் பார்க்க வேண்டும்.

அந்தச் சாவுக்கு இருபத்தோரு ஆண்டுகளுக்கு முன்பு, கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டப்பட்டு இதே நதியில் இறங்கி 29 விநாடியில் வெளியே வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். பிறகு 2013-ல் ஒரு கூண்டுக்குள் பூட்டிக்கொண்டு இறங்கினார், உயிரோடு வந்தார். ஆனால் கூண்டில் ஒரு கதவு இருந்ததும், அதன் வழியாக அவர் நழுவியதும் கரையில் நின்றவர்கள் கண்ணில் பட்டுவிட்டது. ஏமாற்றிவிட்டான் என்று கூட்டம் அவர்மேல் பாய்ந்தது. தலையிலிருந்த பொன்னிற டோப்பாவைப் பிடுங்கியது. மனுஷன் பிழைத்து வந்ததற்குக் கிடைத்த சன்மானம் அது!

2019-ல் கூண்டும் இல்லை, கதவும் இல்லை. அவர் மனத்தில் என்ன இருந்தது என்பதை யாரும் சொல்ல முடியாது. ஆனால் என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லுகிறேன்: கதவு வைத்ததற்கு நாம் அடித்தோம்; ஆகவே அடுத்த முறை கதவில்லாமல் இறங்கினார். 'நாம்' என்று எழுதுவது தெரிந்தேதான். அன்று கரையில் நான் இல்லாவிட்டாலும், அந்தக் கூட்டம் எந்த ரகம் என்று எனக்குத் தெரியும். சிறுவயதில் எங்கள் ஊர்ச் சந்தையில் கழைக்கூத்தாடி கயிற்றின்மேல் நடக்கும்போது கயிற்றைத் தாழக் கட்டியிருக்கிறான் என்று கூச்சல் போட்டவர்களில் நானும் ஒருவன். கரணம் தப்பினால் மரணம் என்று அவன் பாடிக்கொண்டு வந்தால்தான் தட்டில் காசு விழும்.

ஹூடினியைப் பார்த்துத்தான் இந்த வித்தை உலகம் முழுவதும் பரவியது. அவர் தண்ணீர்த் தொட்டிக்குள்ளேயே செத்தார் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். 1953-ல் வந்த ஹாலிவுட் படம் அப்படிக் காட்டியதன் பலன் அது. உண்மையில் அவர் 1926 அக்டோபர் 31-ந் தேதி டெட்ராய்ட் நகர ஆஸ்பத்திரியில், குடல்வால் வெடித்து அதனால் வயிற்றில் ஏற்பட்ட சீழால் இறந்தார். 1912 ஜூலையில் நியூயார்க் நதியில், ஆணியடித்த பெட்டிக்குள் இறங்க அவர் வந்தபோது துறைமுக மேடையிலிருந்து செய்யக் கூடாதென்று போலீசார் தடுத்துவிட்டார்கள். இழுவைக் கப்பல் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு நடு ஆற்றுக்குப் போய்ச் செய்தார். இதை எல்லோரும் சொல்லுவார்கள். தண்ணீர்த் தொட்டி வித்தை நடக்கும்போதெல்லாம் பக்கத்தில் அவருடைய உதவியாள் ஒருவன் கோடாலியோடு நின்றான் என்பதைச் சொல்லுகிறவர்கள் குறைவு. குறித்த நேரத்தில் வராவிட்டால் கண்ணாடியை உடைக்க அந்தக் கோடாலி. நம்மூர் மாண்ட்ரேக்குக்குக் கோடாலிக்காரன் இல்லை. இருந்தாலும் ஹூக்ளியை எந்தக் கோடாலியால் உடைப்பது? ஆள் எங்கே இருக்கிறான் என்றே தெரியாத கலங்கல் தண்ணீர். அலையேற்றமும் வற்றமும் உள்ள நதி.

படகில்தான் நிகழ்ச்சி, தண்ணீருக்குள் இறங்கப் போவதில்லை என்று சொல்லி அவர் அனுமதி வாங்கியிருந்ததாகப் பிறகு செய்தி வந்தது.

டீஸ்தா நதியின் மேல்

இது நம் மாநிலத்தில் முதல் சம்பவமும் அல்ல. சைலேந்திரநாத் ராய் என்று ஒருவர் சிலிகுரிப் பக்கம் போலீஸ் இலாகாவில் டிரைவராக இருந்தார். தலைமயிரில் கயிறு கட்டி டார்ஜிலிங் பொம்மை ரயிலை இழுத்துக் காட்டியவர். 2011 மார்ச் 1-ந் தேதி ராஜஸ்தானில் நீம்ரானா கோட்டையில், தலைமயிரால் கம்பியில் தொங்கியபடியே 82.5 மீட்டர் கடந்து கின்னஸ் சாதனை செய்தார். 2013 ஏப்ரல் 28-ந் தேதி டீஸ்தா நதியின் குறுக்கே, காரனேஷன் பாலத்தருகே, அதே விதமாகக் கம்பியில் புறப்பட்டவர் பாதி வழியில் சிக்கிக்கொண்டார். முன்னும் போக முடியவில்லை, பின்னும் வர முடியவில்லை. அவர் கையை ஆட்டிக் கத்தியது என்ன என்று கீழே இருந்தவர்களுக்கு விளங்கவில்லை. ஜனங்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவரைக் கீழே இறக்க ஒரு ஏற்பாடும் அங்கே இருக்கவில்லை. இறக்கியபோது உயிர் போயிருந்தது. மாரடைப்பு என்றார்கள்.

நம்மைப் போலவே மாதச் சம்பளக்காரர். அதிகாரிகள் பெயர் ஊருக்குத் தெரியாது, இந்த டிரைவரின் பெயர் கின்னஸ் புத்தகத்தில் இருந்தது. இந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று குமாஸ்தாக்களாகிய நமக்கு விளக்க வேண்டுமா?

டெலிவிஷன்காரர்கள் இந்த ஆசையை நன்றாக அறிவார்கள். பிரிட்டனில் பி.பி.சி.யின் சனிக்கிழமை நிகழ்ச்சி ஒன்றில் சாதாரண ஆட்களை அழைத்து வாராவாரம் சாகசம் செய்யவைத்தார்கள். 1986 நவம்பர் 13-ந் தேதி, கட்டட வேலை செய்யும் 24 வயது இளைஞர் ஒருவர் கிரேனில் தொங்கும் பெட்டியிலிருந்து குதிக்க ஒத்திகை பார்த்தபோது, கயிற்றின் கொக்கி கழன்று விழுந்து இறந்தார். அந்த நிகழ்ச்சி அத்தோடு நிறுத்தப்பட்டது. அந்தச் சாகசம் ஒளிபரப்பாகவே இல்லை. கோர்ட்டு பி.பி.சி.க்கு விதித்த அபராதம் 2,000 பவுன்.

நம் தமிழ்ப் படவுலகிலும் 2025 ஜூலை 13-ந் தேதி நாகப்பட்டினம் ஜில்லாவில் படப்பிடிப்பின்போது காரைப் பாயவிட்டுக் கவிழ்க்கும் காட்சியில் ஸ்டண்ட் கலைஞர் எஸ்.எம். ராஜு இறந்ததை மறந்திருக்க மாட்டோம்.

எது மிஞ்சுகிறது?

சர்க்கார் காலத்து டெலிவிஷன் நேரடி ஒளிபரப்பு. காட்டினால் காட்டியதுதான், போனால் போனதுதான். பிறகு வீடியோ டேப் வந்தபோதும், டேப்பின் விலை அதிகமென்று பழையதை அழித்து அதன்மேல் புதியதைப் பதிந்தார்கள். 1969-ல் மனிதன் சந்திரனில் இறங்கியபோது பி.பி.சி. செய்த ஸ்டுடியோ ஒளிபரப்பே அந்த நிலையத்தாரிடம் மிஞ்சவில்லை. அமெரிக்க விண்வெளி நிலையத்தார் தங்கள் மூல டேப்புகளும் அழித்து உபயோகிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று 2009-ல் ஒப்புக்கொண்டார்கள். கல்கத்தா டெலிவிஷன் நிலையம் 1975 ஆகஸ்ட் 9-லும் சென்னை நிலையம் அதே ஆகஸ்ட் 15-லும் தொடங்கின. அந்தக் காலத்து தூர்தர்ஷனிலும் அழித்து எழுதிய டேப்புகள் ஏராளம். எத்தனை வித்தைக்காரர்கள், எத்தனை கழைக்கூத்தாடிகள் அதில் மறைந்தார்களோ!

இன்று டேப் செலவு இல்லை. ஆளுக்கொரு செல்போன் காமிரா. ஆனால் மிஞ்சுவது என்ன? மாண்ட்ரேக் உயிரோடு வெளியே வந்த அந்த 29 விநாடியைப் பார்த்தவர்களை எனக்குத் தெரிந்த வட்டத்தில் தேடினேன், ஒருவர்கூட அகப்படவில்லை. மஞ்சளும் சிவப்புமான உடையில் அவர் கிரேனில் தொங்கித் தண்ணீருக்குள் போகும் கடைசிக் காட்சியைப் பார்க்காதவர் இல்லை. ஒரு மனிதனின் இருபது வருஷத் தொழில் அழிந்து, சாவு மட்டும் பத்திரமாக இருக்கிறது. பிழைத்து வந்த காட்சிகளும் பத்திரமாக இருந்தால்தான் பின்னால் வருகிற பையன்கள், எத்தனை பேர் துணை நின்றார்கள், எவ்வளவு ஆழம், எப்போது மேலே இழுத்தார்கள் என்று பார்த்துக் கற்றுக்கொள்ள முடியும். லோக்கல் ரயிலின் வாசற்படியில் தொங்கி ரீல்ஸ் எடுக்கும் பையன்களுக்கு இப்போது யார் குரு? மூழ்கிய காட்சியும் அதற்கு விழுந்த லட்சக்கணக்கான கண்களும்தான். 1989-ம் வருஷ ரயில்வே சட்டத்தில் படிப்பயணத்துக்கு மூன்று மாதச் சிறை வரை இடமுண்டு என்று சொன்னால் சிரிக்கிறார்கள்.

வித்தையின் ரகசியத்தை வெளியிட வேண்டுமென்று நான் கேட்கவில்லை. அது அவர்கள் பிழைப்பு. ஆனால் பாதுகாப்பில் ரகசியம் எதற்கு? நான் ரயில்வேயில் பேனா பிடிக்கிறவன், லைனில் இறங்கி வேலை செய்தவன் அல்ல. இருந்தும் தினமும் பார்ப்பது இது: தண்டவாளத்தில் நாலு பேர் வேலை செய்தால், ஒருவன் வேலையே செய்யாமல் விசிலும் கொடியும் வைத்துக்கொண்டு வண்டி வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பெரிய வேலையானால் லைனை அடைப்பதும் திறப்பதும் எழுத்து மூலம், நேரம் குறித்து. வாய்வார்த்தைக்கு இடமில்லை. அந்த விதிகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கேங்மேனின் ரத்தம் இருக்கிறது என்று பழைய இன்ஸ்பெக்டர் ஒருவர் சொல்லுவார். நதியில் மனிதனை இறக்கக் கையெழுத்துப் போடுகிற அதிகாரி, முக்குளிப்பவர்கள் எங்கே, இத்தனை விநாடியில் வராவிட்டால் கயிற்றை இழுப்பவன் யார் என்று கேட்டு எழுதி வாங்காமல் அனுமதிச் சீட்டு கொடுப்பது எப்படி? மனுவில் படகு என்று எழுதியிருந்தால், சங்கிலியும் கிரேனும் எதற்கு என்று கேட்க அன்று கரையில் ஓர் ஆள் இருந்திருக்கலாமே.

அதிகாரிகளை மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் நான் விரும்பவில்லை. லேக் மார்க்கெட் பக்கமும், ஹௌரா, சந்திராகாச்சிப் பக்கமும் பொங்கலுக்கும் புத்தாண்டுக்கும் நம்மவர்கள் விழா நடத்துகிறோம். ஊரிலிருந்து கரகம், சிலம்பம், வாயில் மண்ணெண்ணெய் ஊற்றித் தீ ஊதுகிற பையன்கள் எல்லாம் வருகிறார்கள். போன தடவை எங்கள் குடியிருப்பு விழாவில் அப்படியொரு பையன் ஈரச்சாக்கும் மணல் வாளியும் கேட்டான். "என்னப்பா, பயந்தாங்கொள்ளியா?" என்று கமிட்டிக்காரர் ஒருவர் மைக்கிலேயே கேட்டார். கூட்டம் சிரித்தது. பையனும் சிரித்துக்கொண்டே சாக்கில்லாமல் மேடையேறினான். அன்று ஒன்றும் ஆகவில்லை. இந்த வருஷக் கமிட்டிக்கு நன்கொடை ரசீதுப் புத்தகம் என்னிடம் வந்திருக்கிறது. பந்தல், மைக், சாப்பாடு என்று செலவுப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். சாக்கு நாலு, மணல் வாளி நாலு, அவற்றோடு மேடைக்குக் கீழே நிற்க ஓர் ஆள் என்று நான் சேர்த்து எழுதியிருக்கிறேன். அந்த ஆளாக நிற்க நானே சம்மதித்திருக்கிறேன். இன்னும் மூன்று பேர் வேண்டும்.