நாளுக்கொரு படம்

பூம்புகாருக்குச் செல்லும் நாமெல்லாம் கதிரவன் எழும் கோலத்தையும் சிலப்பதிகாரக் கலைக்கூடத்தையும் படமெடுத்துத் திரும்புகிறோம். அழகிய படங்கள்தாம், ஆயினும் யார் எடுத்தாலும் ஒன்றுபோலவே அமைகின்றன.

நியூயார்க்கில் வாழ்ந்த ஜேமி லிவிங்ஸ்டன் 1979 மார்ச் 31 முதல், தாம் மறைந்த 1997 அக்டோபர் 25 வரை, நாளுக்கொரு போலராய்டு படம் எடுத்துவந்தார். தனித்தனியே நோக்கினால் அவற்றுட் பல மிக எளியவை. வரிசையாக நோக்கினாலோ ஒரு வாழ்வே விரிகிறது.

புகாரின் இந்திர விழவைச் சிலம்பு சொல்கிறது; அந்நகரைக் கடல்கொண்டதை மணிமேகலை சொல்கிறது. கண்ணாற்காண அவற்றின் படம் ஏதும் நமக்கு இல்லை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்கரையேறியபோது, முந்தைய நாள் கரை எவ்வாறிருந்தது எனக் காட்டும் படம் நம்மில் எத்தனை பேரிடம் இருந்தது?

ஆகவே, பூம்புகார் வாழ் ஆர்வலர்க்கு நாம் சொல்வது இதுதான்: காவிரி கடலொடு கலக்குமிடத்தில் ஒரே இடத்தில் நின்று, ஒரே திசை நோக்கி, நாள்தோறும் ஒரு படம் எடுங்கள், தேதியைக் குறித்துவையுங்கள். அதே மணல், அதே அலை என்று சலிப்புத் தட்டும். ஆற்றில் நீர் வந்த நாளும், முகத்துவாரத்தை மணல் மூடிய நாளும், கரை ஓரடி உள்வாங்கிய நாளும் அச்சலிப்புக்குள்தான் பதிவாகும். நல்ல ஒளிக்குக் காத்திருக்கும் கலைஞரினும் நாள் தவறாது வரும் ஆர்வலரே இவ்வூருக்கு வேண்டியவர்.