படுத்த படுக்கையிலும் பணி உண்டு



சேலையூரில் எனக்குத் தெரிந்த ஓர் இளம் தாய். மழை நாளில் மாடிப்படியில் வழுக்கி விழுந்து, வலது காலில் மாவுக்கட்டு. ஆறு வாரம் காலை ஊன்றவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இரண்டு வயதுக் குழந்தை வேறு. பார்க்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள்.

"அக்கா, வலிகூடப் பரவாயில்லை. வீடு வீடாப் போய் ஜெபம் பண்ணினவ நான். இப்போ சர்ச்சுக்கே போக முடியலை. கீழ் வீட்டு மாமி தினமும் ரசம் கொண்டுவந்து வைக்கிறாங்க. அவங்க முன்னாடி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுப் படுத்திருக்கேன். இதுவா சாட்சி?"

பிரசவத்துக்கு முன்பே படுக்கையில் இருக்க வேண்டியவர்கள், நோயாளி மாமியாரை விட்டு நகர முடியாதவர்கள், இப்படி வீட்டோடு முடங்கிய பல பெண்களின் ஏக்கம் இது. அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

1938 டிசம்பரில் நம் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் உலக மிஷனரி மாநாடு கூடியது. பல நாடுகளிலிருந்து 470 பேர் போல வந்திருந்தார்கள். கிறிஸ்துவைப் பிறருக்கு எப்படி அறிவிப்பது என்று நாள்கணக்கில் பேசினார்கள். அதே சமயம், திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் ஓர் அம்மையார் ஏழு வருஷமாகப் படுக்கையில் இருந்தார். அவர்தான் ஏமி கார்மைக்கேல்.

அயர்லாந்தில் பிறந்து 1895-ல் இந்தியா வந்தவர். கோயில்களுக்கு விடப்படவிருந்த சிறுமிகளையும் ஆதரவற்ற குழந்தைகளையும் எடுத்து வளர்த்தவர். எல்லாருக்கும் அவர் 'அம்மா'. 1931 அக்டோபர் 24 அன்று களக்காட்டில், மருத்துவப் பணிக்கான ஒரு வீட்டைப் பார்க்கப் போனவர், அங்கே தோண்டியிருந்த குழியில் விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்டார். சீக்கிரம் எழுந்துவிடுவார் என்றுதான் நினைத்தார்கள். 1951 ஜனவரி 18-ல் கண்மூடும் வரை அவர் பழையபடி நடமாடவே இல்லை.

ஓடியாடிக் குழந்தை வளர்த்தவருக்கு எப்படி இருந்திருக்கும்! ஆனால் அந்த அறையிலிருந்தே பத்துக்கு மேற்பட்ட புத்தகங்கள் எழுதினார். வந்தவர்களைக் கேட்டார், ஆறுதல் சொன்னார், கடிதம் எழுதினார். நோயாளிகளுக்கு எழுதிய கடிதங்கள் 1933-ல் 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' என்ற நூலாயின. சௌக்கியமாக இருப்பவர்கள் நோயாளிக்கு எழுதும் புத்திமதி மனத்தைத் தொடவில்லை என்பது அவர் அனுபவம். அதனால் வலியில் இருந்தபடியே, வலியில் இருப்பவர்களுக்கு எழுதினார்.

இதைக் கேட்டதும் சேலையூர்க்காரி, "அப்போ நான் சிரிச்ச முகமா நடிக்க வேண்டாமா அக்கா?" என்றாள்.

"வேண்டாம்மா. வலிக்கிறதுன்னா வலிக்கிறதுன்னு சொல்லு. அந்த வலியிலும் எது உன்னைத் தாங்குதுன்னு கேட்டா, அதையும் சொல்லு" என்றேன்.

சகோதரிகளே, ரசம் கொண்டுவருகிறவரைப் பிடித்து உட்காரவைத்துப் பிரசங்கம் செய்யாதீர்கள். அவர் அன்போடு வந்தவர். அவருக்கும் ஒரு நம்பிக்கை உண்டு. முதலில் நன்றி சொல்லுங்கள். அவர் வீட்டுக் கவலையைக் கேளுங்கள். "உங்களுக்காக ஜெபிக்கட்டுமா?" என்று கேட்டு, சரி என்றால் மட்டும் ஜெபியுங்கள். உங்களைப் போலவே முடங்கிக் கிடக்கும் ஒருத்திக்குத் தினம் ஒரு போன் பண்ணுங்கள். உடம்பையும் மறக்காதீர்கள், டாக்டர் அனுமதித்த அளவுக்குக் கை கால்களை அசைத்துக்கொண்டிருங்கள். ஒரேயடியாக அசையாமல் கிடந்தால் காலில் இரத்தம் உறையக்கூடும்.

மூன்று வாரம் கழித்து அவளிடமிருந்து போன். மாமியிடம், "உங்க பையனுக்கு வேலை கிடைச்சுதா?" என்று கேட்டாளாம். மாமி அரைமணி நேரம் மனம்விட்டு அழுதாராம். மறுநாள் வந்தவர், "நீ தினம் ராத்திரி யார்கிட்டடி பேசறே? எனக்காகவும் ஒரு வார்த்தை சொல்லேன்" என்றாராம்.

"கட்டு இன்னும் பிரிக்கலை அக்கா. ஆனா இப்போ மாமி எப்ப வருவாங்கன்னு காத்துக்கிட்டிருக்கேன்" என்றாள்.

டோனாவூரில் அம்மாவின் கல்லறைக்குக் கல்வெட்டு எழுப்பவில்லை. அவர் விருப்பப்படியே விட்டுவிட்டார்கள். அங்கே பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி மட்டும் இருக்கிறது. வருகிற பறவை குடித்துவிட்டுப் போகலாம். படுக்கையில் இருக்கும் நாமும் அப்படி இருக்கலாமே!